பேச்சியம்மாளின் சிவப்புக் கட்டம்

பேச்சியம்மாள் போய்விட்டார் என்ற செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் செங்கோட்டை ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. அவற்றுக்குக் கீழேயே, மென்பொருளின் புதிய பதிப்பு மாலையில் வெளியாகும் என்று மேலாளர் போட்டிருந்தார். வேலை அப்படித்தான்.

உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். தென்காசியில் ஒரு மருத்துவமனைக்கு நாம் செய்துகொடுத்த டோக்கன் பதிவுத் தளத்தில் தமிழ் வாசகம் அத்தனையும் அவர் எழுதியதுதான். எழுதியதும் போனை எடுத்துக்கொண்டு கீழே டீக்கடைக்குப் போய்விடுவார். அங்கே இருப்பவர்களிடம் காட்டி, இதைப் படித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். ‘செயல்முறை தோல்வியுற்றது’ என்பதைப் பார்த்த லோடு ஆட்டோக்காரர், “யாரும்மா தோத்தது?” என்றார். சிரித்துக்கொண்டே மேலே வந்தவர், ‘டோக்கன் பதிவாகவில்லை, மறுபடி அழுத்துங்கள்’ என்று மாற்றினார்.

தமிழ் வாசகம் எழுதாமல் விட்ட இடத்தில் தளம் தானாக ஆங்கிலத்தைக் காட்டிவிடும். நமக்கெல்லாம் அது வசதி. அவருக்கு ஆகவே ஆகாது. ஆங்கிலத்துக்குப் பதில் காலியான சிவப்புக் கட்டம் ஒன்று வரும்படி செய்துவைத்தார். வெளியிடும் முன் நம் கண்ணில் படட்டும் என்பது அவர் கணக்கு.

“ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட காட்டும்போது அசிங்கமா இருக்குதும்மா” என்று மேலாளர் சத்தம் போட்டார்.

“இருக்கட்டும் சார். இங்கிலீஷ் வந்துட்டா நமக்கு உறுத்தாதுல்லா? புரியாதவங்க புகார் சொல்ல மாட்டாங்க. வந்த வழியே போயிருவாங்க.”

பேச்சியம்மாள் நோயில் படுத்திருந்தபோது அவரைப் பார்க்கப் பண்பொழிக்குப் போனேன். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. உட்காரும் முன்பே கேட்டார்.

“கட்டம் இருக்கா அண்ணாச்சி?”

“எடுத்துட்டாங்கம்மா.”

“ஏன் எடுத்தீங்கன்னு ஒருத்தரும் கேக்கலையோ?”

“கேக்கல.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

போன வாரம் அந்த மருத்துவமனை வாசலில் அவருடைய அப்பாவைப் பார்த்தேன். மூட்டுவலிக்கு டோக்கன் போட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்திருக்கிறார். போனை வாங்கிப் பார்த்தேன். மருத்துவர் விடுப்பு, பதிவு ரத்து என்று ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொன்னேன்.

“பதிவாயிட்டுன்னுல்லா நெனச்சேன்! சரி தம்பி, பெறவு வாரேன்” என்றார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலைத் தாங்கித் தாங்கி, வந்த வழியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

பேச்சியம்மாள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, போடப்போவதும் இல்லை. என் கணினியில் மட்டும் அந்தச் சிவப்புக் கட்டத்தை எடுக்காமல் வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். புதிதாக மாற்றுபவற்றுக்குத் தமிழ் எழுத ஆளில்லாமல், பதிப்புக்குப் பதிப்பு கட்டங்கள் கூடுகின்றன. இன்று காலை திறந்தபோது திரையில் முக்கால்வாசி சிவப்பு. நடுவில் அவர் எழுதிய ஒரே ஒரு வரி மிச்சமிருந்தது: ‘டோக்கன் பதிவாகவில்லை, மறுபடி அழுத்துங்கள்.’