இரண்டு வரிசை செங்கல்

வேதாசலம் சமைக்கக் கற்றுக்கொண்டது ஐம்பத்தோராம் வயதில். அதற்கு முன் இருபத்தாறு வருடம் ஒரு ஷூ கம்பெனியின் வேன் ஓட்டினார். காலையில் காட்பாடி, திருவலம் என்று சுற்றிப் பெண்களை ஏற்றிக்கொண்டு மேல்விஷாரத்தைத் தாண்டி இருக்கும் கம்பெனியில் இறக்குவார். சாயங்காலம் திரும்பக் கொண்டு வந்து விடுவார். அவருடைய மனைவி விஜயகுமாரியும் ஒரு காலத்தில் திருவலத்தில் அந்த வேனில் ஏறியவள்தான். கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடவில்லை. ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் இப்போது சீனியர். ஒரே மகள் பாரதி சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

சர்க்கரை நோய் அவருக்குப் பத்து வருடமாக இருந்தது. மாத்திரையைப் பாதி நாள் போட்டு, பாதி நாள் மறந்து காலத்தை ஓட்டினார். புதுச் செருப்பு கடித்து வலது பாதத்தில் ஒரு கொப்புளம் வந்தது. அது ஆறவில்லை. மூன்று மாதம் கட்டு மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். கம்பெனியில் கணக்கு முடித்து அனுப்பினார்கள்.

சத்துவாச்சாரி வீட்டில் முதல் இரண்டு மாதம் அவர் டிவியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். விஜயகுமாரி நாலு மணிக்கு எழுந்து மூன்று வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டு ஆறேகாலுக்கு வேன் ஏறுவாள். திரும்பி வந்ததும் மறுபடி அடுப்படி. ஒரு நாள் அவள் காய்ச்சலோடு வந்து சோபாவில் அப்படியே சாய்ந்தாள். சக்கர நாற்காலி சமையலறைக்குள் போகாது. வாசல் அவ்வளவு குறுகல். கீழே ஒரு படி வேறு. அவர் அவளிடம் கரண்ட் அடுப்பை மட்டும் எடுத்துத் தரச் சொல்லி, ஹாலில் டீப்பாய் மேல் வைத்துக் கஞ்சி காய்ச்சினார். உப்பு போட மறந்துவிட்டார். அவள் அதையே குடித்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாளிலிருந்து அது அவருடைய வேலையானது. பாரதிக்குப் போன் போட்டு, குழம்புக்குப் புளி எப்போது விடுவது, பருப்புக்கு எத்தனை விசில் என்று கேட்டார். அவளுக்குத் தெரியாததை அவள் தோழிகளிடம் கேட்டுச் சொன்னாள். ஆறு மாதத்தில் சாம்பார், காரக்குழம்பு, கீரைக் கடைசல் எல்லாம் அவர் கைக்குப் பழகிவிட்டன. ஆனால் எல்லாம் ஹாலில்தான். தண்ணீரை விஜயகுமாரி குடத்தில் பிடித்து வைத்துவிட்டுப் போக வேண்டும். கரண்ட் போனால் சமையல் நின்றுவிடும். ஒரு நாள் ரசப் பாத்திரம் டீப்பாய் விளிம்பில் தட்டுப்பட்டுத் தொடையில் கொட்டியது. கொப்புளம் ஆற இருபது நாள் ஆனது. சர்க்கரை உடம்பு என்பதால் இரண்டு பேருமே அந்த இருபது நாளும் பயந்துதான் இருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சமையலறையை மாற்றிக் கட்டுவது என்று முடிவானது.

திட்டம் முழுக்க அவருடையது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே டேப்பை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். வாசலை மூன்று அடிக்கு அகலப்படுத்த வேண்டும். படியை எடுத்துச் சரிவாகப் பூச வேண்டும். சிலிண்டர் வெளியே போய்விட வேண்டும். சுவரில் துளை போட்டுக் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். மேடைக்கு அடியில் அலமாரி கூடாது, முழங்கால் நுழைய வேண்டும். சுவிட்சுகள் இறங்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம் மேடையின் உயரம். பழைய கடப்பா கல் மேடை முப்பத்து நாலு இன்ச். அதில் அடுப்பை வைத்து, அடுப்பு மேல் பாத்திரத்தை வைத்தால், உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே கொதிப்பது தெரியாது. இருபத்தெட்டு இன்ச் என்று கணக்குப் போட்டார். சுவரில் பென்சிலால் கோடும் போட்டார்.

மேஸ்திரி ஹபீப், மேல்விஷாரத்துக்காரர். வந்ததும் சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா இன்னா உயரம்ணே? சில பேரு முப்பத்தஞ்சு கேக்கறாங்க" என்றார்.

"சமைக்கறது நான்தான் பாய்."

ஹபீப் அவரையும் பென்சில் கோட்டையும் பார்த்தார். "அப்போ சரிண்ணே" என்று குறித்துக்கொண்டார்.

வேலை ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தது. மூன்று நாள் உடைப்புதான். வீடெங்கும் சிமெண்ட் தூசி. பழைய டைல்ஸைப் பெயர்த்தபோது பின்சுவர் முழுக்க ஈரம் ஊறியிருந்தது. பாத்ரூம் குழாயில் எங்கோ கசிவு. அதைத் தேடிப் பிடித்து மாற்ற இரண்டு நாள் கூடுதலாகப் போனது. வாசல் சட்டத்தை எடுத்தபோது மேலே கொஞ்சம் காரை விழுந்தது. வேதாசலம் ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே, வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்து டீ போட்டார்.

ஒன்பதாம் நாள் அவருக்கு ஆஸ்பத்திரியில் முறை. செயற்கைக் கால் பொருத்துவது பற்றிப் பேச வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத்தான் மேடை கட்டுவதாகவும் இருந்தது. விஜயகுமாரி ஒரு நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தாள். அவருடைய பழைய தோஸ்த் ரஷீத் அஹமது ஆட்டோ எடுத்து வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனார்.

திரும்பும்போது மணி நாலரை. ரஷீத் நாற்காலியை இறக்கி உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார். வேதாசலம் நேராகச் சமையலறைக்கு உருட்டிக்கொண்டு போனார். அகலமான வாசலில் நாற்காலி எங்கும் இடிக்காமல் நுழைந்தது. அதில் ஒரு சந்தோஷம். நிமிர்ந்தால், மேடை மார்புக்கு நேராக நின்றது. கறுப்பு கிரானைட்டைக் கூட ஒட்டியாகிவிட்டது. அவருடைய பென்சில் கோடு அதற்குக் கீழே இருந்தது.

பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். முப்பத்து நாலு. இன்னொரு மூலையிலும் அளந்தார்.

"பாய், நான் இருபத்தெட்டுன்னு சொன்னேனே."

ஹபீப் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அளவு தப்பிப்போச்சுண்ணே. ரெண்டு வரிசை செங்கல் ஜாஸ்தி ஆய்டுச்சு."

"கோடு போட்டு வெச்சேனே. அதுக்கு மேலயா கட்டுவாங்க?"

"என் தப்புதாண்ணே."

ஹாலிலிருந்து விஜயகுமாரியின் குரல் வந்தது. "அவர எதுவும் சொல்லாதீங்க. நான்தான் கட்டச் சொன்னேன்."

ஹபீப் கருவிகளை அள்ளிக்கொண்டு, காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். வேதாசலம் நாற்காலியைத் திருப்பினார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே புடவையை இரண்டாவது தடவை பிரித்து மடித்தாள்.

"ஏன் விஜயா?"

"இன்னும் ஆறு மாசத்துல கால் வெச்சிடுவாங்க. அப்போ நீங்க நின்னுதானே செய்வீங்க? திரும்ப இடிச்சுக்கினு இருக்க முடியுமா?"

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவள் புடவையைக் கீழே வைத்தாள். "சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. நீங்க அந்தக் கோடு போட்டீங்க இல்ல, அன்னிக்கே எனக்கு மனசு கெட்டுப்போச்சு. இந்த நாற்காலிதான் இனிமேன்னு நீங்களே முடிவு பண்ணிட்ட மாதிரி இருந்துது. வீட்டயே அதுக்கு ஏத்தாப்ல கட்டிட்டா அப்புறம் எப்படி எழுந்திருப்பீங்க?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. இடுப்பு வலிக்காரி, தாழ்வான மேடை என்றால் குனிய வேண்டுமே என்று யோசித்திருப்பாள், அப்படித்தான் நினைத்தார். அதற்குப் பதில் கூடத் தயாராக வைத்திருந்தார். பின்னால் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

இருட்டுகிற நேரத்தில் அவள் ஹாலில் தரையில் உட்கார்ந்து உப்புமா கிளறினாள். அவர் வெங்காயம் நறுக்கிக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்த பிறகு அவள் கேட்டாள்.

"ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்க?"

"இன்னும் நாலு மாசம் ஆவுமாம். வெட்டின இடம் இன்னும் சுருங்கணுமாம். வெச்சாலும் முதல்ல தினம் அரை மணி நேரம்தான் போட்டுக்கணும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். அங்க ஒருத்தர் வெச்சுக்கினு ரெண்டு வருஷம் ஆச்சாம். நல்லா நடக்கறாரு. ஆனா வெயில்ல வேர்த்தா எரியுதாம். வீட்டுக்குப் போனதும் முதல்ல அதைக் கழட்டித்தான் வெப்பேன்னு சொன்னாரு."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கால் வெச்சுக்க மாட்டேன்னு சொல்லல, விஜயா. வெச்சுக்கினு கடைக்குப் போவேன். பஸ் ஏறுவேன். பாரதியப் பாக்க மெட்ராஸ் போவேன். ஆனா அடுப்பு முன்னாடி ரெண்டு மணி நேரம் நிக்கறதுக்கு அந்தக் கால எதுக்கு வீணடிக்கணும்? நீ எட்டு மணி நேரமும் உக்காந்துதானே தைக்கற. அதுக்காக உன்ன யாராவது முடியாதவள்னு சொல்றாங்களா?"

அவள் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு, "நல்லா பேசக் கத்துக்கினீங்க" என்றாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பின்கட்டுக் குழாயில் பாத்திரம் கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. வந்தவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "காலைல பாய் வந்தா நானே சொல்லிட்டுப் போறேன். அவருக்கு வேற சங்கடம்."

"முழுசா இறக்க வேணாம். சிங்க் இருக்கற பக்கம் அப்படியே இருக்கட்டும். பாத்திரம் கழுவறது நீதானே, உன் இடுப்பு இன்னாவும்?"

"அதையும் நீங்களே கத்துக்கலாம்" என்றாள். ஆனாலும் அந்தப் பக்கம் உயரமாகவே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் ஆறு மணிக்கே ஹபீப் வந்துவிட்டார். விஜயகுமாரி வேனுக்குப் போகிற அவசரத்தில் வாசலில் நின்றபடி விஷயத்தைச் சொன்னாள். தன்னால் வந்த வேலை, கூலியைத் தனியாகச் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னாள். ஹபீப் தலையசைத்தார். அவள் போன பிறகு வேதாசலத்திடம் வந்து, "அக்கா சொல்லச்சொல்ல எனக்கும் பேஜாராத்தான் இருந்துதுண்ணே. ஒரு போன் போட்டு உங்களக் கேட்டிருக்கணும்" என்றார்.

கல் ஒட்டி ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. அடுப்புப் பக்கத்துக் கிரானைட்டை நாலு பேர் பிடித்துக் கம்பியால் நெம்பி மெதுவாகத் தூக்கினார்கள். கடைசி மூலையில் அது விரிசல் விட்டது. உடைந்த துண்டை வெட்டிச் சீராக்கி, மசாலா டப்பாக்கள் வைக்கச் சுவரில் ஒரு தட்டாகப் பதித்துவிட்டார் ஹபீப். கீழே இரண்டு வரிசை செங்கலைத் தட்டி எடுத்து, மேலே மீதிக் கிரானைட்டைத் திரும்ப வைத்து, ரசமட்டம் பார்த்துவிட்டு வேதாசலத்தைக் கூப்பிட்டார். அவர் நாற்காலியின் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். முழங்கால் இடிக்கவில்லை. வெறும் கல் மேல் காலி வாணலியை வைத்துக் கரண்டியால் கிளறிப் பார்த்தார். "இன்னும் அரை இன்ச் கம்மி பண்ணட்டுமா?" என்று ஹபீப் கேட்டார். வேண்டாம் என்றார்.

பன்னிரண்டு நாள் என்று பேசிய வேலை பத்தொன்பது நாளில் முடிந்தது. டைல்ஸ் நிறத்தைப் பாரதி போனிலேயே பார்த்துத் தேர்ந்தெடுத்தாள், வெளிர் பச்சை. ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சினார்கள். விஜயகுமாரி பாலை ஊற்றினாள், அவர் அடுப்பைப் பற்றவைத்தார். பொங்கி வழிந்த பால் கிரானைட்டில் ஓடி, புதுப் பூச்சில் கறை பட்டுவிடும் என்று இருவரும் ஒரே துணியை எடுக்கக் கை நீட்டினார்கள். மத்தியானம் முள்ளுக்கத்திரிக்காய்க் காரக்குழம்பு. அவர் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து கொடுக்க, ஹபீப் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டார். காரம் கொஞ்சம் ஜாஸ்தி என்று விஜயகுமாரி சொன்னாள். ஹபீப் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

செயற்கைக் கால் நாலு மாதத்தில் வரவில்லை; ஆறு மாதம் ஆனது. இப்போது அதை மாட்டிக்கொண்டு ஒரு கைத்தடியோடு தெருமுனைக் காய்கறிக் கடை வரை போகிறார். வந்ததும் கழற்றிவிட்டு நாற்காலிக்கு மாறி அடுப்படிக்குப் போகிறார். காலையில் விஜயகுமாரி ஐந்தரைக்குத்தான் எழுந்திருக்கிறாள். அவள் எழும்போது டிபன் பாக்ஸ் கட்டி முடிந்திருக்கும். அவளுக்கு இதில் இன்னும் ஒரு சின்ன வருத்தம் இருக்கிறது. சொந்தக்காரர்கள் வந்தால், கால் வந்துவிட்டது, நன்றாக நடக்கிறார் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் சமையலறையைக் காட்டுகிறாள்.

போன மாதம் ஹபீப் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். முக்தார் அகமது என்று பெயர். மேல்விஷாரத்தில் தோல் வியாபாரம். அவர் மனைவிக்கு முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் போய்விட்டது. இப்படி ஒரு சமையலறை இருக்கிறது என்று ஹபீப் சொல்ல, நேரில் பார்க்க வந்திருந்தார். வேதாசலம் ஒவ்வொன்றாகக் காட்டினார். டேப்பைக் கொடுத்து அவரையே அளக்கச் சொன்னார்.

"முதல்ல அவங்கள உக்கார வெச்சு, முட்டியிலருந்து தரை வரைக்கும் அளந்துக்கோங்க பாய். என் அளவு அவங்களுக்கு ஒத்துவராது" என்றார். "அப்புறம் இந்தத் தண்ணிக் குழாய் பாருங்க. இத நான் தப்பு பண்ணிட்டேன். பின்சுவத்துல வெச்சதால எட்ட வேண்டியிருக்குது. நீங்க பக்கச் சுவத்துல, கைக்குக் கிட்ட வெச்சுக்கோங்க."

முக்தார் அகமது செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். வீட்டம்மாவை ஒரு நாள் கூட்டி வரலாமா, அவர் அந்த மேடை முன்னால் உட்கார்ந்து பார்த்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை தவிர எப்ப வேணா வாங்க" என்றார் வேதாசலம். "அன்னிக்குக் கால் பயிற்சிக்குப் போய்டுவேன்."

உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய் அடுப்பை அணைத்தார்.