பானட்டில் வைத்த கை

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசலில் ஒன்பது நாள் நானும் அவரும் ஒரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே எனக்கு அம்மா, அவருக்கு மனைவி. வெளுத்த சட்டையில் கழுத்துவரை பட்டன் போட்டிருப்பார். எவ்வளவு கழுவியும் போகாத கிரீஸ் நகக்கண்ணில் மட்டும் இருந்தது. மன்னார்குடியில் கார் மெக்கானிக் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து நின்றால் எழுந்துவிடுவார். நோயாளியை இறக்கும்வரை ஒதுங்கி நின்று, பிறகு பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். "குத்தாலத்துலேருந்து வந்திருக்கும். நிக்காம மிதிச்சிருக்காரு" என்று திரும்பி வந்து சொல்வார். டிரைவரிடம் விசாரித்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

"தொட்டா அப்படி என்னங்க தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சின்ன வயசுலேருந்து தொடுறேன். இஞ்சினுக்கு முடியலன்னா சூட்டுலயே சொல்லிடும்." கையைப் பார்த்துக்கொண்டார். "வீட்டுல இவதான் ஒன்னுமே சொல்லல. கூடவே இருந்தும் எனக்குத் தெரியல."

பத்தாம் நாள் காலை, பிணவறை ஓரமாக நின்ற வேனில் அவர் மனைவியை ஏற்றினார்கள். டிரைவர் அவசரப்பட்டார். இவர் பானட்டில் கையை வைத்தபடி நகராமல் நின்றார்.

"இஞ்சின் ரொம்ப சூடா இருக்கு தம்பி. ஆறட்டும். இனிமே நமக்கு என்ன அவசரம்?"

டிரைவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நானும் பக்கத்தில் போய் பானட்டைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"ஆமா," என்றேன். "கொஞ்சம் ஆறட்டும்."