இன்பமேரியின் அடுப்படிச் சன்னல்

அடுப்படியில் ஒரு சன்னல் வைத்துக் கொடுங்கள் என்று என் அக்கா இன்பமேரி கல்யாணமான வருடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். புகையில் இருமி இருமி அவள் கண் இரண்டும் எப்போதும் சிவந்தே கிடக்கும். மாமா சவரியார் காதில் வாங்கினால்தானே! “சன்னல் வெச்சா சோறு சீக்கிரம் வெந்துருமாக்கும்?” என்பார். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அவருக்குத் திடீரென்று சேலம் ஆசை வந்தது. டவுனில் சைக்கிள் கடை போடவேண்டும், ஆட்டையாம்பட்டி வீட்டை விற்கவேண்டும். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆவணியில் வீடு பார்க்க ஆள் வருவதாகத் தகவல் வந்ததும், ஆடிக் கடைசியில் மனிதர் பம்பரமாகச் சுழன்றார். தெருப்பக்கத்து ஓடுகளை மட்டும் மாற்றினார். பின்பக்கம் ஒழுகினால் யாருக்குத் தெரியும்? வெடித்த சுவரின்மேல் காலண்டரைத் தொங்கவிட்டார். சுண்ணாம்பில் நீலம் கலந்து வீடு முழுக்க வெள்ளையடித்தார். கடைசியாக, மலிவாக ஒரு பழைய சன்னல் வாங்கி வந்து அடுப்படிச் சுவரை உடைத்து வைத்தார்.

“வாங்கறவன் பொண்டாட்டி அடுப்படியத்தான் மொதல்ல பார்ப்பா,” என்றார்.

எவளோ ஒருத்திக்காக! எனக்கு அந்தச் சுண்ணாம்பு வாளியை அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

ஆவணி பிறந்ததும் காளியண்ணன் என்ற விவசாயி மனைவி வசந்தாமணியோடு வந்தார். வாசற்படியிலேயே இருவரும் நின்றுவிட்டார்கள். அவர்கள் வெள்ளையடிப்பது பொங்கலுக்கு. இல்லையென்றால் சாவு விழுந்த வீட்டில். நாங்கள் கிறிஸ்துமஸுக்கு அடிக்கிறவர்கள். ஆடியில் அடித்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மாமாவுக்கு உறைக்கவே இல்லை.

“ஏனுங்க, ஊட்டுல ஆருங்க தவறிப்போனது?” என்று வசந்தாமணி கேட்டாள்.

“ஆருமில்லீங்க, சும்மா அடிச்சதுங்க,” என்று மாமா குழைந்தார்.

அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

“நாந்தானுங்க. பதினெட்டு வருசமா இந்தப் பொகைக்குள்ள செத்துக்கிட்டு இருந்தேனுங்க. சன்னலு உங்களுக்காவ நேத்து வெச்சதுங்க.”

வசந்தாமணி புருஷனின் தோளைத் தொட்டாள். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

மாமா குதித்த குதி தெருவே கேட்டது. ஆத்திரம் தீராமல், சன்னலை அடைக்கச் செங்கல்லை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் வந்தார். அக்கா எரிகிற விறகை உருவிக்கொண்டு சன்னலை மறைத்து நின்றாள்.

“வையுங்க கீழ,” என்றாள்.

வைத்தார்.