சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த தாயும் குட்டியும்

அன்பான சகோதர சகோதரிகளே, என் பெயர் அருள்மேரி. விருத்தாசலத்துக்காரி. வியாதி நீங்கியது, வெளிநாட்டுக்கு விசா கிடைத்தது என்று பலபேர் சாட்சி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நான் சொல்ல வந்திருப்பது ஒரு குதிரையைப் பற்றி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் போன ஐப்பசி மழையில் அந்தக் குதிரைக்காக நான் அழுத அழுகையை என் அக்காவைக் கேட்டால் சொல்லுவாள்.

என் வீட்டுக்காரர் சவரிமுத்து மினி லாரி ஓட்டுகிறார். எங்கள் ஊரில் செய்கிற பீங்கான் சாமான்களை வெளியூருக்கு ஏற்றிப் போவதுதான் பிழைப்பு. குதிரை அவருடைய ஆசை. மல்லிகா என்று பெயர். கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் சாரட்டு வண்டி இழுப்பாள். முந்தின தடவை மல்லிகாவுக்குக் குட்டி செத்துப் பிறந்தது. அவள் அதை மோந்து மோந்து பார்த்துக்கொண்டு நின்றதை என்னால் மறக்கவே முடியவில்லை. அந்தக் குட்டிக்காக நான் நிறைய ஜெபித்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. குதிரைக்கெல்லாம் கடவுளைத் தொந்தரவு செய்யக்கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கேட்பதையே விட்டுவிட்டேன்.

இந்தத் தடவை சினையாக இருந்தபோது சேத்தியாத்தோப்பில் என் அக்கா ஸ்டெல்லா வீட்டுக்கு மல்லிகாவை அனுப்பியிருந்தோம். அங்கே புல்லும் உண்டு, இடமும் உண்டு. குட்டி நல்லபடியாகப் பிறந்தது. ஆண்குட்டி. நெற்றியில் வெள்ளை, உடம்பில் பாதி காலாகவே இருந்தது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் அக்கா போன் செய்தாள்.

"மேரி, கொட்டாயில தண்ணி பூந்துடுச்சி. குட்டி படுக்கக்கூட எடமில்ல. ஆத்துல இன்னும் தண்ணி வருதாம். வண்டிய எடுத்துக்கிட்டு ஒடனே வாங்க."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியில் இடைவெளியைக் கண்டால் கை சும்மா இருக்காது, வைக்கோலைத் திணித்துவிடும். ஆடாத சாமான் உடையாது, அதுதான் எங்கள் தொழில். கிளம்புவதற்கு முன்பே என் வீட்டுக்காரரும் அதைத்தான் செய்தார். மல்லிகா நடுவில் சிக்கென்று நிற்கிற மாதிரி இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டுகளை அடுக்கி இறுக்கினார். குட்டிக்கு முன்னால் தனியாக ஒரு மரப்பெட்டி. பீங்கான் பொம்மை ஏற்றுகிற பெட்டிதான், உள்ளே மெத்தை மாதிரி வைக்கோல்.

"டில்லிக்கே போனாலும் ஒரு கீறல் வுழாது பாரு" என்று பெருமையடித்துக்கொண்டார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். பீங்கான் ஊரில் பிறந்தவள்தானே நானும்.

அக்கா வீட்டில் குட்டியைத் தூக்கிப் பெட்டிக்குள் விட்டார். அவ்வளவுதான். குட்டி வைக்கோலுக்குப் பின்னால் மறைந்ததும் மல்லிகாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. உள்ளேயிருந்து குட்டி கத்த, வெளியே இவள் கனைக்க, ஏற்றுவதற்குச் சாய்த்து வைத்திருந்த பலகையில் ஒரு காலை வைத்தாள். அந்தச் சந்துக்குள் நுழைய முடியாது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. ஒரே இழுப்பு. ஈரப் பலகை இரண்டாக முறிந்தது. கயிறு என் வீட்டுக்காரர் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது. மல்லிகா லாரியைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். ஆற்றோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று மைக்கு கட்டிய ஆட்டோ ஒன்று கத்திக்கொண்டே போனது.

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "மேரி, குட்டிய மட்டும் கொண்டு போயிடலாமா?" என்றார்.

தாய்ப்பால் இல்லாமல் அந்தக் குட்டி பிழைக்குமா? குட்டியும் இல்லாமல் தண்ணீருக்குள் நிற்கப்போகிற அவள் என்ன ஆவாள்? இன்னொரு தடவை மல்லிகா குட்டியைத் தேடி நிற்பதை என்னால் பார்க்க முடியாது. வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டு அந்தச் சேற்றிலேயே முழங்கால் போட்டேன்.

"சூசையப்பரே, பச்சப்புள்ள ஏசுவையும் தாயையும் கூட்டிக்கிட்டு எகிப்து வரைக்கும் போனவரு நீங்க. எங்களுக்கு விருத்தாசலம் வரைக்கும்தான். ரெண்டு பேரையும் சேர்த்துக் கொண்டாந்து வுட்டுடுங்க சாமி."

எழுந்து கண்ணைத் துடைக்கிறேன், ஸ்கூட்டர் ஒன்று வந்து நிற்கிறது. அக்காவின் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா. வேறு ஊருக்குக் கிளம்பியவர், பாதையில் தண்ணீர் ஓடியதால் திரும்பி வந்திருக்கிறார். லாரிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, குதிரைய பார்சல் கட்டப் பாக்குறீங்களா?"

"ஆடாம வரணும்னுதாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"பீங்கானு ஆடக்கூடாது. குதிரை ஆடணுங்க. வண்டி திரும்புறப்ப காலை அகட்டி ஊனுனாதான் அது வுழாம நிக்கும். சைடுல இருக்குற கட்டெல்லாம் எறக்குங்க. குட்டிய எதுக்குப் பிரிச்சீங்க? அம்மா கண்ணு முன்னாலயே இருக்கட்டும். குட்டியக் கட்டவே கட்டாதீங்க."

பிரிக்காதீர்கள் என்று அவர் சொன்னதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சேர்த்துக் கொண்டுவந்து விடுங்கள் என்றுதானே நான் கேட்டேன்!

குட்டியைக் கீழே இறக்கியதும் மல்லிகா ஓட்டத்தை விட்டு அதனிடம் வந்து நின்றாள். முறிந்த பலகைக்கு என்ன செய்வது என்று விழித்தோம். "கரும்பு ஏத்துற மேட்டுல வண்டிய பின்னால வுட்டா பலகையே வேணாமே" என்றாள் அக்கா. இத்தனை நேரம் அது யாருக்கும் தோன்றவில்லை. மேடும் லாரியின் தரையும் சரிமட்டமாக நின்றன. வைக்கோலைத் தரையில் பரப்பி, வழுக்காமல் இருக்க மேலே சாக்கு விரித்தோம். டாக்டரம்மா குட்டியின் நெஞ்சை அணைத்துக்கொள்ள, என் வீட்டுக்காரர் பின்பக்கம் தாங்கிக்கொள்ள, மெதுவாக உள்ளே நடத்தினார்கள். மல்லிகா மூக்கைக் குட்டியின் முதுகில் வைத்தபடி, பூசைக்குப் போகிறவள் மாதிரி அடக்கமாகப் பின்னாலேயே ஏறினாள். அக்கா தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுத் தெருவிலிருக்கும் கொழுந்தனார் வீட்டுக்குப் போனாள்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். ஏற்றத் தெரியாவிட்டாலும் ஓட்டத் தெரிந்தவர். பீங்கான் லோடு ஓட்டிய கை. ஒரு பள்ளத்தில்கூட வண்டி குதிக்கவில்லை. வழியில் டீக்கடை ஓரமாக நிறுத்தினோம். எஞ்சின் நின்றதும் குட்டி முட்டி முட்டிப் பால் குடித்தது. டீ ஆற்றுகிறவர் முதற்கொண்டு எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இது பால் குடிக்கவா வண்டிய நிறுத்துனீங்க?"

"ஆமாங்க. அதுக்கப்புறந்தான் எங்களுக்கு டீ."

வீட்டு வாசலில் பின்கதவைத் திறந்தோம். குட்டி தாயின் வயிற்றில் சாய்ந்து நின்றது. தரையில் சாக்கு ஒதுங்கிக் கிடந்தது, அடியிலிருந்த வைக்கோலைக் காணோம். "என் பேக்கிங்க பூரா தின்னுட்டாளே!" என்று அவர் கத்தினார். சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

குட்டிக்குச் சூசை என்று பெயர் வைக்கத்தான் ஆசை. ஆனால் என் மாமனார் பெயரும் அதுதான். அதைச் சொல்லி நான் எப்படி அதட்டுவேன்? அதனால் எகிப்து என்று வைத்தோம். இப்போது தெருவே கூப்பிடுகிறது.

முன்பெல்லாம் என் வீட்டுக்காரர் கோயில் வாசலைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பதோடு சரி. இப்போது லோடு ஏற்றியதும் வண்டியைத் தொட்டு ஒரு ஜெபம் சொல்லாமல் சாவியைத் திருப்புவதில்லை. சூசையப்பர் திருநாளுக்கு மல்லிகா சாரட்டு இழுத்தாள், எகிப்து கூடவே துள்ளிக்கொண்டு ஓடியது. குட்டியைக் கட்டிப்போட்டுவிட்டு வந்திருக்கக் கூடாதா என்று எங்கள் கோயில் பங்குச்சாமியார் கேட்டார். "பிரிக்கக் கூடாதுங்க சாமி, மேலேருந்து உத்தரவு" என்றார் இவர்.

முதல் குட்டி ஏன் போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதையும் இப்போது கடவுளிடமே கேட்கிறேன், வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. நீங்களும் இது சின்ன விஷயம், இதற்கெல்லாமா என்று கூச்சப்பட்டு மனதுக்குள் பூட்டி வைக்காதீர்கள். என் குதிரைக்காகச் சேற்றுக்கு இறங்கி வந்தவர், உங்கள் பிள்ளைக்காக வரமாட்டாரா?