எதிர்க் கல்லூரிக் கோச்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற் அமளிப்பட்டது. யாழ்ப்பாணத்தில் என் கணவர் படித்த கல்லூரி, உதைபந்தாட்ட அணிக்குப் புதுக் கோச் எடுத்திருக்கிறதாம். கொழும்பிலிருந்து தன் தம்பி ரெலிபோனில் சொன்னதாக, கூடியிருந்த கணவரின் பழைய வகுப்பு நண்பர்களில் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். அந்தக் கோச் படித்ததோ பரம எதிரியான பக்கத்துக் கல்லூரியில்.

"எங்கட கிறவுண்டில அவன் விசில் ஊதுறதோ?" என்று கணவர் மேசையில் அடித்தார். தேத்தண்ணி தெறித்தது.

"வேணுமெண்டே எங்களைத் தோக்கப் பண்ணுவான்" என்றார் இன்னொருவர்.

ஊரை விட்டு வந்தபிறகு அந்த அணியின் ஒரு மட்சைக்கூட இவர்கள் பார்த்ததில்லை. ஆனாலும் உடனே பழைய மாணவர் சங்கத்தைக் கூட்டி அந்த மனுசனை நிப்பாட்ட வேணுமாம். வேலையிடத்தில் சுப்பவைசர் மாறினபோது வாயே திறக்காத ஆட்கள்!

எனக்கு விடுப்புக் கேட்காமல், துருவி விசாரிக்காமல் இருக்க ஏலாது. "அண்ணை, அவர் நல்லாப் பழக்குவாரோ?" என்று செய்தி கொண்டுவந்தவரைக் கேட்டேன்.

"நல்லாப் பழக்குறாராம், தங்கச்சி. ஆனா சண்டைக்குள்ள பெடியள் குறைஞ்சுபோச்சு. ரெண்டு கல்லூரியிலயும் ரீமுக்கு ஆள் காணாது. அதால ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு ரீமாப் பழக்குறாராம்."

மேலே எங்கள் பெடியள் ஹொக்கி பார்த்துக் கத்துவது கேட்டது.

கணவர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப, எந்தக் கல்லூரியின்ர ஜேர்சியைப் போடுறாங்கள்?"