வாபஸ் வாங்க மூன்று மணி வரை

கனகலட்சுமியைப் பள்ளிக்கூடத்தில் மாணவர் தலைவியாக்கியது மதிப்பெண் அல்ல, தொண்டை. பிளஸ் டூ படித்த வருஷம், ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் மைக் வேலை செய்யவில்லை. உறுதிமொழி சொல்ல வந்த பையன் முணுமுணுத்தது முதல் வரிசைக்கே எட்டவில்லை. பின்வரிசையில் நின்ற இவள், யாரும் கேட்காமலேயே, உறுதிமொழியை முழுசாகச் சொல்லி முடித்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. தலைமையாசிரியர் அங்கேயே முடிவு செய்துவிட்டார். மைக் ரிப்பேருக்கும் இனி அவசரமில்லை என்று நினைத்திருப்பார்.

ஊர் வெள்ளப்பாறைப்பட்டி, எழுமலையிலிருந்து மினிபஸ்ஸில் போகவேண்டும். அப்பா நல்லகாமனுக்குக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம். அம்மா மாயக்காள் விடியுமுன் பூ எடுத்துவிட்டு நூறு நாள் வேலைக்கும் போகிறவள். தலைவி என்றால் என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இவளுக்கும் தெரியாது. வரிசையை நேராக்க வேண்டும், காலைக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பெண்களைத் தூக்கிப்போய் மரத்தடியில் படுக்கவைக்க வேண்டும், அவ்வளவுதான் சொன்னார்கள்.

தூக்கித் தூக்கி இவளுக்குக் கை வலித்தது. எப்போது பார்த்தாலும் பெண்பிள்ளைகள்தான் விழுந்தார்கள், பையன்களில் ஒருவன்கூட விழவில்லை. ஏண்டி விழுகிறீர்கள் என்று ஒவ்வொருத்தியாக உட்காரவைத்துக் கேட்டாள். முதலில் சிரித்தார்கள், பிறகு சொன்னார்கள். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. அங்கே போகக்கூடாது என்பதற்காகக் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் வருகிறார்கள். இவளும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தாள். எல்லோருக்கும் இது தனக்கு மட்டும் உள்ள கஷ்டம் என்று நினைப்பு.

தலைமையாசிரியரிடம் போனாள். தண்ணீர் ஊராட்சி கொடுக்க வேண்டியது என்றார். சரி, ஊராட்சியிடமே கேட்டுவிடலாம் என்று சுதந்திர தினத்துக் கிராமசபைக்கு நாலைந்து தோழிகளோடு சீருடையிலேயே போய்விட்டாள். அப்போது தலைவர் காசிமாயன். பங்காளி வீடு, இவளுக்குச் சித்தப்பா முறை. ஆட்கள் வந்து கையெழுத்துப் போட்டு, மிட்டாய் வாங்கிக்கொண்டு கலைகிற நேரம்.

"சித்தப்பா, பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி வேணும்."

"பாப்போம் தாயி."

"என்னைக்குப் பாப்பீங்க?"

கலைந்துகொண்டிருந்த கூட்டம் திரும்பியது. அந்தத் தொண்டைக்குத் திரும்பாமல் முடியாது. காசிமாயன் சிரித்துச் சமாளித்தார், சீக்கிரம் என்றார், அடுத்த வாரம் என்றார். இவள் உட்காரவே இல்லை. கடைசியில் ஒரு கிழமையைச் சொன்னார். சொன்ன கிழமைக்கு இரண்டு நாள் தள்ளி என்றாலும், குழாய் வந்தது. அதற்கப்புறம் "எங்க அண்ணன் மகளாக்கும்" என்று அவரே போகிற இடமெல்லாம் பெருமை பேசினார். மனுஷர் கெட்டவரில்லை. கேட்காததைச் செய்யும் பழக்கம் கிடையாது, அவ்வளவுதான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதைக் கனகலட்சுமி அன்றைக்குக் கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

உசிலம்பட்டியில் பி.காம். முடித்துவிட்டு, எழுமலையில் ஒரு இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல் என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதோடு விடமாட்டாள். தாசில்தார் ஆபீசில் யாரைப் பார்க்கவேண்டும், என்ன கேட்கவேண்டும் என்று சொல்லியும் அனுப்புவாள். "கம்ப்யூட்டர் புள்ள சொல்லுச்சு" என்று ஜனங்கள் அங்கே போய் நின்றார்கள். அந்த ஆபீசில் இவளை யாருக்கும் பிடிக்காது.

இந்தத் தடவை ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்தது. கனகலட்சுமி யோசிக்கவே இல்லை. மனுத் தாக்கல் செய்துவிட்டாள். நல்லகாமன், "ஒம் பிரியம் தாயி" என்று மட்டும் சொன்னார். காசிமாயன் தன் மனைவி செல்லக்கிளி பேரில் மனுப் போட்டார்.

வெள்ளப்பாறைப்பட்டியில் தலைவர் பதவிக்குப் போட்டி வந்ததே இல்லை. கருப்பசாமி கோயிலில் ஊர் கூடும், ஒருமனதாக ஒரு ஆளைச் சொல்லும், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒதுங்குகிறவர் பூசாரி கையால் திருநீறு வாங்கினால் அது சத்தியம். மீறியவனிடம் திருவிழாவுக்குக் கோயில் வரி வாங்கமாட்டார்கள். வரி வாங்காத வீட்டுக்குக் கல்யாணத்துக்கும் வரமாட்டார்கள், சாவுக் கேதத்துக்கும் வரமாட்டார்கள்.

இந்தத் தடவையும் ஊர் கூடியது. பெண்ணுக்கான பதவிக்குச் செல்லக்கிளியைத் தேர்ந்தெடுத்த அந்தக் கூட்டத்தில் பெண் ஒருத்திகூட இல்லை. கோயில் கூட்டத்துக்குப் பொம்பளைகள் வருகிற வழக்கமில்லையாம். இதில் ஏதோ இடிக்கிறதே என்று அங்கே இருந்த அத்தனை மீசைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை!

நெற்றி நிறையத் திருநீறோடு வீட்டுக்கு வந்த அப்பாவைப் பார்த்ததும் இவளுக்குப் புரிந்துவிட்டது.

"அம்புட்டுப் பேரும் சுத்தி நின்னுக்கிட்டாக தாயி. நாளைக்குக் கல்யாணமாகி வேற ஊருக்குப் போற புள்ளைக்கு எதுக்குண்ணே இதுன்னு கேட்டாக. என்னால பேச முடியல."

"இப்ப இங்கதானப்பா இருக்கேன்."

"கருப்பன் முன்னாடி வாங்கிட்டேனே."

"வாங்குனது நீங்க. நிக்கிறது நான்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். கனகலட்சுமிக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் கூடுதலாக வந்தது. தனக்காக நின்றால் அப்பா ஊருக்குமுன் தலைகுனியவேண்டும். அப்பாவுக்காக ஒதுங்கினால், இனி எந்தச் சபையில் எழுந்து யாரைப் பார்த்து என்ன கேட்பது? சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். மாயக்காள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

மறுநாள்தான் வாபஸ் வாங்கக் கடைசி நாள். மூன்று மணிக்குள் ஒன்றிய அலுவலகத்தில் வேட்பாளரே கையெழுத்துப் போடவேண்டும். கனகலட்சுமி மதியமே போய், வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று அப்போதும் அவள் முடிவுக்கு வரவில்லை. ஒளிந்துகொண்டாள் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக்கூடாது.

காசிமாயன் வேனில் ஆட்களோடு வந்து இறங்கினார். மாலை இருந்தது, வெடி இருந்தது. பின்னால், அந்த வெயிலில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு செல்லக்கிளி. ஊரில் மகளிர் குழுவைக் கட்டி மேய்க்கிறவள். பேங்க் மேனேஜரையே பேசி மடக்குகிறவள், இங்கே புருஷனுக்கு நாலடி பின்னால் நின்றாள். கடைசியாக நல்லகாமன் பைக்கில் வந்தார். மகள் முகத்தைப் பார்க்காமலேயே, "வா தாயி, ஒரு கையெழுத்துத்தான்" என்றார்.

கனகலட்சுமி எழுந்தாள். உள்ளே போகவில்லை. நேராகச் செல்லக்கிளி முன்னால் போய் நின்றாள்.

"சித்தி, தலைவருக்கு நிக்கிறியான்னு ஒங்கள யாராச்சும் கேட்டாங்களா?"

குரலைத் தணித்துத்தான் கேட்டாள். அவள் தணித்ததே அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருந்த கிளார்க்கை எட்டிப் பார்க்க வைத்தது.

"அவளக் கேக்க என்னத்தா இருக்கு?" என்றார் காசிமாயன்.

"சித்தியத்தான் கேட்டேன் சித்தப்பா."

செல்லக்கிளி புருஷனைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"கேக்கல. பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு வான்னு மட்டும் சொன்னாக."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

"நான் நிக்க மாட்டேன்னு சொல்லல," என்றாள் செல்லக்கிளி. இப்போது மேனேஜரிடம் பேசுகிற குரல் வந்துவிட்டது. "நிப்பேன். நல்லாவே செய்வேன். ஆனா இந்தப் புள்ளைய ஒதுக்கிட்டு எனக்கு மால போட வேணாம். நாளைக்குக் குழுப் பொம்பளைக மூஞ்சில எப்படி முழிக்கிறது? நானே வீடு வீடாப் போயி ஓட்டுக் கேக்கிறேன். தோத்தாத் தோத்துட்டுப் போறேன்."

"கோயில்ல பேசுனது என்னத்துக்கு ஆகும்?" என்றார் காசிமாயன்.

"கருப்பன்கிட்ட நாங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலையே," என்றாள் கனகலட்சுமி. சொல்லிவிட்டுத் திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்பா வந்து கையைப் பிடித்து எழுப்பிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் பைக் பக்கத்திலேயே நின்றார், வரவில்லை. மூன்று மணிக்கு அதிகாரி வெளியே வந்து, நேரம் முடிந்தது, போட்டி உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். வெடி பையிலேயே ஊருக்குத் திரும்பியது.

அப்பாவும் மகளும் பைக்கில் வந்தார்கள். ஊர் எல்லையில், தென்னந்தோப்புப் பக்கம் அப்பா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"தாயி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிராத. நான் திருநீறு வாங்குனது என் கையில. அதுனால என் ஓட்டு செல்லக்கிளிக்குத்தான். டீக்கடையில யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன். சொன்ன சொல்லுக்கு அது போதும்னு நினைக்கிறேன்."

கனகலட்சுமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "சரிப்பா" என்றாள்.

"மத்த ஓட்டெல்லாம் நீ வாங்கிக்க," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

கண்டதைப் பேசுகிற ஊர், கோயில் வரி வாங்குவதா வேண்டாமா என்று ஒரு வாரம் இழுத்தது. மகள் நிற்கும்போது எதிராளிக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று பகிரங்கமாகச் சொல்கிற மனுஷனிடம் என்ன குற்றம் காண்பது? வாங்கிக்கொண்டார்கள். தேர்தலன்று நல்லகாமன் வெள்ளைவேட்டி கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய், சொன்னபடியே செல்லக்கிளிக்குப் போட்டுவிட்டு வந்தார். மற்ற ஓட்டு எல்லாம் மகளுக்கு விழுந்துவிடவில்லை. தலைவராகப் போதுமான அளவுக்கு விழுந்தது.