வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் சாய்ந்த விமானம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் முடிந்திருந்த சமயம். புனேயில் விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீடு. மேல் மாடியில் இருந்தவர் மகனோடு இருப்பதற்காக வெளிநாடு கிளம்பினார். வீட்டைக் காலி செய்யும்போது ஆள் உயர அட்டைப் பெட்டி ஒன்றை என் கணவரிடம் கொடுத்து, "உங்களுக்குத்தான் விமானம் என்றால் உயிராச்சே, வைத்துக்கொள்ளுங்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது சரிதான். எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் விமானப்படையின் போர் விமானங்கள் போகும். போகிறபோது பேச்சை நிறுத்தி, போனபின் விட்ட இடத்தில் தொடர்வது எங்களுக்குப் பழக்கம். என் கணவர் மட்டும் இந்த வயதிலும் எழுந்து பால்கனிக்கு ஓடுவார். அவர் தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்துவிட்ட குடும்பம். இவருக்கும் தொழிற்சாலை வேலைதான், தரப் பரிசோதனைப் பிரிவில். பொருளைக் கையில் எடுத்து அதில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் நாள் முழுக்க அவருக்கு வேலை.

பெட்டி கட்டிலுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. நான் அப்போதுதான் வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியிருந்தேன். மகள் பெங்களூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கட்டிலை நகர்த்திச் சுத்தம் செய்யும்போது அந்தப் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே காகிதம் போல லேசான மரத் தகடுகள், வெட்டி வைத்த வினோத வடிவங்கள், படுக்கை விரிப்பு அகலத்தில் ஒரு வரைபடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானத்தின் மாதிரி அது. கட்டி, மோட்டார் வைத்து, ரிமோட்டில் நிஜமாகவே பறக்கவிடலாம். இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எங்கள் கட்டிலை விட நீளம். எல்லாத் துண்டுகளும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எப்போது பசையைக் கையில் எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியான பதில் தெரியாது.

சாயங்காலம் கணவர் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"ரிடையர் ஆனப்புறம் நான் பண்ணலாம்னு வெச்சிருந்தேன்."

"அப்ப நிறுத்திடட்டுமா?"

"சே, சே. ஆரம்பிச்சிட்டல்ல, நீயே முடி. நான் கை வைக்க மாட்டேன்."

கோபத்தில் சொன்னாரா, சந்தோஷத்தில் சொன்னாரா, எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு புரியாததுதான் அதிகம். குறிப்புகள் ஆங்கிலத்தில்தான் இருந்தன. முப்பது வருடம் ஆங்கிலத்தில் கடன் கோப்புகள் எழுதியவள் நான். ஆனால் அந்த ஆங்கிலம் எனக்குத் தெரிந்த ஆங்கிலமாக இல்லை. இணையத்தில் காணொளி பார்த்தால், ஒருவர் இந்தப் பசைதான் போட வேண்டும் என்பார், அடுத்தவர் அதைத் தொடவே கூடாது என்பார். ஒரு தடவை என் விரலே சாப்பாட்டு மேஜையோடு ஒட்டிக்கொண்டது. மேஜை முழுக்க விமானம் படுத்திருந்ததால் நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து பார்த்துவிட்டு, இது மகளுடைய கல்லூரி ப்ராஜெக்டா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்காகச் செய்கிறேன் என்று சொல்ல ஏனோ வாய் வரவில்லை.

முதல் இறக்கையை முடித்தேன். எலும்புக்கூடு போல அழகாக வந்தது. வரைபடத்தின் மேல் அதே இடத்தில் இரண்டாவதையும் கட்டினேன். இது இன்னும் சுத்தமாக வந்தது. இரண்டையும் சோபாவில் சாய்த்து வைத்துவிட்டுக் கணவர் வருவதற்காகக் காத்திருந்தேன். கை வைக்க மாட்டேன் என்றவர் அன்றும் கை வைக்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

"அரே, இது ரெண்டும் ஒரே சைடுதானே?"

"எது?"

"ரெண்டுமே லெஃப்ட் விங்கு."

நான் எழுந்து போய் இரண்டையும் விமானத்தின் உடல் பாகத்துக்கு இரு பக்கமும் பிடித்துப் பார்த்தேன். ஒரு இறக்கை முன்னால் பார்த்தது, மற்றது பின்னால் பார்த்தது. தலைகீழாகத் திருப்பினேன். அப்போது மேல்பக்கம் கீழே வந்தது. எப்படித் திருப்பினாலும் வலது இறக்கையாக மாற அது மறுத்தது. வரைபடத்தில் இருந்ததே இடது இறக்கைதான், வலதுக்குத் தாளைத் திருப்பிப் போட்டுக் கட்ட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

தப்பு என்னுடையது. ஆனால் கோபம் முழுக்க அவர் மேல் வந்தது. "உள்ள வந்த உடனே சொல்லணுமா? ஃபேக்டரியில பண்ற வேலைய வீட்லயும் பண்ணாதீங்க" என்று கத்திவிட்டேன். அதன்பின் பல நாட்கள், உப்பு வேண்டுமா, கதவைச் சாத்தட்டுமா என்பதற்கு மேல் அவரிடம் பேசவில்லை. பிறகு தாளின் பின்புறம் எண்ணெய் தடவினால் கோடுகள் தெரியும் என்று யாரோ சொல்லக் கேட்டு, தேங்காய் எண்ணெய் தடவி, கடையில் மரம் வாங்கி, வலது இறக்கையைக் கட்டினேன். அதற்குப் பிறகு அவர் அந்த மேஜைப் பக்கம் வந்தால் "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

ஒவ்வொரு இறக்கையின் பின்பக்கமும் அசைகிற பட்டை ஒன்று இருக்கும். ரிமோட்டில் குச்சியைத் தள்ளினால் அது ஏறும், இறங்கும். அதை வைத்துத்தான் விமானம் பக்கவாட்டில் சாயும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலது இறக்கை தாழ வேண்டும், ஆகவே வலது பட்டையும் தாழ வேண்டும் என்று நானே முடிவு செய்து அப்படியே ரிமோட்டில் அமைத்தேன். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

உதிரிப் பாகங்கள் விற்கிற கடைக்காரர், முதல் தடவை நீங்கள் ஓட்டாதீர்கள், தெரிந்தவர்களிடம் கொடுங்கள் என்று சொல்லி ஒரு திடலுக்கு வழி சொன்னார். கோந்த்வாவைத் தாண்டி, சாஸ்வட் போகிற பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்கள் கூடுவார்கள். இறக்கைகளைக் கழற்றி, காரின் பின்சீட்டை மடக்கி, போர்வை சுற்றி, கைக்குழந்தையைக் கொண்டுபோவது போல விமானத்தைக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த பெண் நான் ஒருத்திதான். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பல் மருத்துவர், மராத்திக்காரர், எங்கள் வயதுதான் இருக்கும். மெதுவாகப் பேசுகிறவர். "வஹினி, நான் பறக்கவிடட்டுமா?" என்று கேட்டார். வஹினி என்றால் அண்ணி. ரிமோட்டை வாங்கிக் குச்சிகளை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். சற்று யோசித்தார். ஏதோ பொத்தான்களை அழுத்தினார். என்ன என்று கேட்டேன். "ஒன்றுமில்லை, பேட்டரி பார்த்தேன். ரொம்ப நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள்" என்றார்.

விமானம் ஓடியது, வால் எழும்பியது, பறந்தது. நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கு நினைவில்லை. கணவர் கைப்பேசியில் எடுத்த காணொளியில் பாதிக்கு மேல் வானம்தான் இருக்கிறது, அவர் கை அப்படி ஆடியிருக்கிறது. மருத்துவர் பத்திரமாகத் தரையிறக்கிக் கொடுத்தார். கைதட்டினார்கள். நான் ஒரு பிழையும் இல்லாமல் கட்டியிருக்கிறேன் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரம் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளுக்குக் காட்டலாம் என்று ரிமோட்டைப் போட்டேன். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது பட்டை மேலே போனது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் கீழே போகும்படிதானே வைத்திருந்தேன்? தரையிறங்கும்போது பட்ட அதிர்ச்சியில் ஏதாவது ஆகியிருக்குமா? கம்பி மாறியிருக்குமா? எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. கடைசியில் ரிமோட்டில் அந்த அமைப்பைத் தேடி, பழையபடி மாற்றிவைத்தேன். கணவர் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ சொல்ல வந்து, தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு நானும் அவரும் மட்டும் போனோம். மருத்துவர் வர நேரமாகும் என்று தொலைபேசியில் சொன்னார். "அதுவரை தரையில் ஓட்டிப் பழகுங்கள், பறக்கவிட வேண்டாம்." நானும் பறக்கவிட நினைக்கவில்லை. திடலில் அங்கங்கே சிலர் இருந்தார்கள். என் கணவர் இடப்பக்கம் தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மெதுவாகத்தான் ஓட்டினேன். அடுத்த சுற்றில் என்னை விட்டு விலகி ஓடும்போது வேகம் கொஞ்சம் கூடிவிட்டது. ஒரு புல்மேட்டில் துள்ளியது. எதிரே காற்று வீசியது. நான் கேட்காமலேயே விமானம் தரையை விட்டு எழுந்துவிட்டது. இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. நிமிர்த்துவதற்காகக் குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. மேலும் தள்ளினேன். மேலும் சாய்ந்தது. நான் தள்ளத் தள்ள அது எதிர்ப்பக்கமே போனது. எந்தப் பக்கம் வலது, எது இடது என்பதே அந்த நிமிடம் எனக்கு மறந்துபோயிற்று. தலைக்குள் ஒன்றுமே இல்லை. இறக்கை செங்குத்தாக நிற்க, விமானம் நேராக என் கணவரை நோக்கிப் போனது.

அவர் கைப்பேசியைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்தார். அவர் தலைக்கு மேலே, ஒரு கை உயரம் கூட இருக்காது, அது கடந்துபோனது. பின்னால் மடக்கு நாற்காலிகள் இருந்த இடத்தில் மோதி உருண்டது. நாற்காலிகளில் நல்லவேளை யாரும் இல்லை. நான் ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அவரிடம் ஓடினேன். அவர் மண்ணிலிருந்து தலையைத் தூக்கிக் கத்தினார்.

"மோட்டார நிறுத்து! மொதல்ல அத நிறுத்து!"

அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. விழுந்த இடத்திலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, உடைந்த விசிறி மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். அவருக்கு முழங்கை சிராய்ப்பு மட்டும்தான்.

மருத்துவர் வந்தார். உடைந்த இறக்கையைப் பார்த்தார். ரிமோட்டை வாங்கிக் குச்சியைத் தள்ளினார். பட்டை அசைவதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வஹினி, நீங்கள் இதை மாற்றினீர்களா?"

"ஆமாம். தானாக எதிராக மாறிப்போயிருந்தது. சரி பண்ணினேன்."

அவர் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். "தானாக மாறவில்லை. நான்தான் மாற்றினேன். முதலிலிருந்தே தலைகீழாக இருந்தது. பட்டை கீழே இறங்கினால் காற்று அந்த இறக்கையை மேலேதான் தள்ளும். நீங்கள் வைத்திருந்தபடி யார் பறக்கவிட்டாலும் விழுந்திருக்கும்."

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, டாக்டர் சாப்?" என்று என் கணவர் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வஹினி அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் தனியாகச் சொல்ல மறந்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்." அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று.

துண்டுகளைப் போர்வையில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். கோந்த்வா நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது என் கணவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கும் டவுட்டு இருந்துச்சு. வீடியோவ பல தடவ பாத்தேன்ல, அதுல டாக்டர் பட்டன அமுக்கினப்புறம் அந்தப் பட்டை நேர்மாறா ஆடுச்சு. நீ மாத்துறப்ப சொல்லலாம்னு வந்தேன்."

"ஏன் சொல்லல?"

"ரெண்டு விங்கும் லெஃப்ட்டுன்னு சொன்னப்ப எத்தன நாள் நீ பேசல, ஞாபகம் இருக்கா? அதான். உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

குறை கண்டுபிடிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கிற மனிதர், தன் தலைக்கு மேல் விமானம் வரும் வரை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவர் என் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. இன்னொருவர் என் கோபத்துக்குப் பயந்து சொல்லவில்லை. இருவரும் என் மேல் பிரியம் உள்ளவர்கள்தான்.

அடுத்த மழைக்காலத்துக்குள் விமானத்தை மறுபடி கட்டி முடித்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு பாகத்தையும் ஒட்டுவதற்கு முன்னால் கணவரைக் கூப்பிட்டு, கோளாறு இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் கண்டுபிடித்ததில் பாதி எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ஒரு சில தடவை அவர் சொன்னதுதான் தப்பாக இருந்தது, அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை. மருத்துவர் பறக்கவிட்டார். மேலே போனதும் ரிமோட்டை என் கையில் கொடுத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டு, "தப்பு, தப்பு, இப்போது சரி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். திடலில் எல்லோருக்கும் கேட்டது.

இப்போது கீழ் வீட்டுப் பெண் தைத்த ரவிக்கையைக் காட்டி எப்படி இருக்கிறது ஆன்ட்டி என்று கேட்டால், நான் ஒரு கணம் தடுமாறுகிறேன். தோள் ஏறியிருக்கிறது என்று சொன்னால் அவள் முகம் வாடும், நன்றாக இருக்கிறது என்றால் அதைப் போட்டுக்கொண்டே கல்யாணத்துக்குப் போவாள். எதைச் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை. ஆனால் என்னிடம் ஒருவர் என் தப்பைச் சொல்ல வாயெடுக்கும்போது, அவர் சொல்லி முடிக்கும் வரை என் முகம் மாறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்பதை மட்டும், அன்று மண்ணில் குப்புறக் கிடந்த அந்த மனிதரைப் பார்த்த பிறகு நான் மறந்ததில்லை.